பஸ் வந்தாள்: இந்தி இலக்கணமும் இலக்கியமும், ஒரு தமிழாசிரியரின் அறிமுகம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியர் ஒருவர் இந்தி இலக்கணம் பேச வந்திருக்கிறாரே என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உங்களுக்கு இந்தி கற்றுக்கொடுக்க வரவில்லை. 1968 முதல் நம் மாநிலம் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றுகிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே பனியன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளியில் சேர்ந்தால் நம்மிடம் தமிழ்தான் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால், அவர்கள் மனத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் இலக்கணம் என்ன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி சேர்ந்தாள். உத்தரப் பிரதேசத்தில் மீரட் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை ஊரில் இந்தியில் படித்தவள். அப்பா சாயப்பட்டறையில் வேலை. நான்கு மாதம் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள், "இன்று காலை நடந்ததை ஒரு வரியில் சொல்லுங்கள்" என்றபோது, தானாகவே எழுந்து நின்றாள்.

"டீச்சர், பஸ் வந்தாள். நான் ஏறினேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் பிள்ளைகள் அவளை "பஸ் வந்தாள்" என்றே கூப்பிட்டார்கள். அதன்பின் அவள் எழுந்து பேசவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் என் பதிவேட்டில், "திணை, பால் வேறுபாடு தெரியவில்லை. மெல்லக் கற்பவர்" என்று எழுதினேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவள் அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். "படிப்பு வரவில்லை என்கிறாள் மேடம்ஜி, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். நான் அவருக்குப் புரியும்படி அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன். அவர் குழம்பிப்போய், "பஸ் ஆயீ. சரிதானே மேடம்ஜி?" என்று கேட்டார்.

இந்தியில் பஸ் பெண்பால். 'ஆயீ' என்றால் 'வந்தாள்'. அந்தக் குழந்தை 'ஏறினேன்' என்று நான் சொல்லித்தந்த தன்மை ஒருமை விகுதியைப் பிழையில்லாமல் சேர்த்திருந்தாள். 'வந்தாள்' என்று பெண்பால் விகுதியையும் சரியாகவே சேர்த்திருந்தாள். எது பெண்பால் என்பதில்தான் இரண்டு மொழிகளும் வேறுபட்டன. பால் தெரியாத குழந்தை என்று எழுதினேனே, உண்மையில் எங்கள் இருவரில் பால் வேறுபாட்டை அதிகம் கவனிக்கும் மொழியில் வளர்ந்தவள் அவள்தான்.

சான்றிதழை அன்று கொடுக்கவில்லை. ஆண்டு முடியட்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அன்று மாலையே முப்பது நாளில் இந்தி கற்கும் வகைப் புத்தகம் ஒன்றை வாங்கினேன்.

இனி நான் கற்றதில் வகுப்பறைக்கு உதவுவதை மட்டும் சொல்கிறேன்.

திணை இல்லாத இலக்கணம்

நம் இலக்கணம் உலகத்துப் பொருள்களை முதலில் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே அங்குதான். பிறகே ஆண்பால், பெண்பால். இந்தியில் இந்தத் திணைப் பிரிவு கிடையாது. மனிதர், மாடு, மேசை, மழை எதுவானாலும் பெயர்ச்சொல் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தாக வேண்டும். கிதாப் (புத்தகம்) பெண்பால், காகஸ் (காகிதம்) ஆண்பால். ரோட்டி பெண்பால், சாவல் (அரிசி) ஆண்பால். பாரிஷ் (மழை) பெண்பால். சூரியன், சந்திரன் இரண்டும் ஆண்பால். போலீஸ் பெண்பால். மூஞ்ச் எனப்படும் மீசையும் பெண்பால்தான்!

இதற்கு விதி உண்டா? ஓரளவு உண்டு. ஆகாரத்தில் முடிவது பெரும்பாலும் ஆண்பால், ஈகாரத்தில் முடிவது பெரும்பாலும் பெண்பால். லட்கா என்றால் பையன், லட்கீ என்றால் பெண். ஆனால் பானீ (தண்ணீர்), தஹீ (தயிர்) ஆண்பால். ஹவா (காற்று), மாலா (மாலை) பெண்பால். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை இதைப் பட்டியல் போட்டுப் படிப்பதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகுகிறது.

இந்தப் பால் வினைமுற்றில் மட்டும் நிற்பதில்லை. 'என் வீடு' என்றால் மேரா கர். 'என் புத்தகம்' என்றால் மேரீ கிதாப். 'என்' என்ற சொல்லே மாறுகிறது. தன்மையிலும் மாறும். 'நான் போகிறேன்' என்று நம்மில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே சொல்கிறோம். இந்தியில் ஆண் 'ஜாதா ஹூம்' என்பார், பெண் 'ஜாதீ ஹூம்' என்பார். நான் அந்த மாணவியிடம் என் புதிய இந்தியைக் காட்ட ஆசைப்பட்டு, புத்தகத்தில் இருந்தபடியே "மைம் ஜாதா ஹூம்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் என்னை ஆணாக்கிக்கொண்டுவிட்டேன். "ஜாதீ, டீச்சர், ஜாதீ" என்று திருத்தினாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. அவன், அவள், அது என்று நாம் பிரிக்கும் இடத்தில் இந்தியில் 'வஹ்' என்ற ஒரே சொல்தான். ஆணா பெண்ணா என்பதை வினைமுற்று சொல்லிவிடும். ஆகவே "அவன் என் அம்மா" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது மரியாதைக் குறைவு அல்ல. ஒரே பெட்டியில் வைத்துப் பழகியதை மூன்று பெட்டிகளில் பிரிக்கத் தடுமாறுகிறது.

எழுத்தில் வரும் தடுமாற்றங்கள்

தேவநாகரியில் 'க' வரிசையில் மெல்லினத்தை விட்டால் நான்கு எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. நம்மிடம் ஒரே 'க'. ஆனால் கல், மகன், தங்கம் என்று இடத்துக்கேற்ப ஒலிக்கிறது. நமக்கு இது பழக்கம். அந்தப் பிள்ளைக்குப் புதிர். "எப்போது எப்படிப் படிக்க வேண்டும்?" என்று கேட்டால் விதி சொல்ல நாம் தயாராக இருக்க வேண்டும். சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி. மெல்லினத்துக்குப் பின் மெலிந்த ஒலி. உயிர்களுக்கு இடையே இன்னும் நெகிழ்ந்த ஒலி. இந்த ஒரு விதியைப் பத்து நிமிடத்தில் சொன்னால் வாசிப்பு பெரிதும் சீராகும்.

அடுத்தது எ, ஒ. இந்தியில் இவற்றுக்குக் குறில் எழுத்து கிடையாது. ஆகவே எடு, ஏடு இரண்டும், கொடி, கோடி இரண்டும் அந்தக் காதில் ஒன்றுபோல் விழும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு குழப்பத்தைக் கவனக்குறைவு என்று நாம் சுழித்துவிடுகிறோம். முதலில் காதுக்குப் பயிற்சி கொடுத்தால் கை தானாகத் திருந்தும்.

மூன்றாவது, புள்ளி. இந்தியில் சொல்லின் இறுதியில் உள்ள அகரம் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. 'ராம' என்று எழுதி 'ராம்' என்று படிப்பார்கள். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் 'பல' என்பதைப் 'பல்' என்று படிப்பார்கள், 'மரம்' என்பதைப் புள்ளியில்லாமல் 'மரம' என்று எழுதுவார்கள். ஒரு பக்கத்தில் பத்துப் புள்ளி விடுபட்டால் பத்துப் பிழையாகத் தோன்றும். உண்மையில் அது ஒரே பிழை. "தமிழில் புள்ளி இல்லாவிட்டால் அகரம் ஒலிக்கும்" என்று ஒருமுறை பளிச்சென்று சொன்னால் போதும்.

நேற்றும் நாளையும்

'கல்' என்ற இந்திச் சொல்லுக்கு நேற்று என்றும் பொருள், நாளை என்றும் பொருள். 'பர்சோம்' என்றால் நேற்று முன்தினமும் ஆகும், நாளை மறுநாளும் ஆகும். காலத்தை வினைமுற்று காட்டிவிடுவதால் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நமக்குத்தான் குழப்பம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "நாளை காய்ச்சல் டீச்சர்" என்று ஒரு பையன் சொன்னான். முன்பென்றால் பொய் சொல்கிறான் என்று நினைத்திருப்பேன்.

'நே' செய்யும் வேலை

தமிழில் வினைமுற்று எழுவாயோடு இயையும். இராமன் வந்தான், சீதை வந்தாள். இந்தியில் செயப்படுபொருள் குன்றாவினை இறந்தகாலத்தில் வரும்போது எழுவாயோடு 'நே' என்ற உருபு சேரும். உடனே வினைமுற்று எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு இயையும். 'ராம் நே ரோட்டீ காயீ' என்பதில் தின்றவன் ஆண். ஆனால் ரோட்டி பெண்பால் என்பதால் வினை பெண்பால். 'சீதா நே ஆம் காயா' என்பதில் தின்றவள் பெண். மாம்பழம் ஆண்பால் என்பதால் வினை ஆண்பால். இந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை "அக்கா மாம்பழம் தின்றான்" என்று எழுதினால், அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று இப்போது ஊகிக்கலாம்.

ஒற்றுமைகள் நம் கைமுதல்

வேற்றுமைகளையே சொன்னால் மலைப்பாக இருக்கும். ஒற்றுமைகள் ஏராளம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை இரண்டு மொழிகளிலும் ஒன்றே. ஆங்கிலம் கற்கும்போது புரட்டிப்போட வேண்டிய வாக்கியத்தை இங்கே புரட்ட வேண்டியதில்லை. உருபுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. 'எனக்குப் பசிக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்வதை அவர்களும் 'முஜே பூக் லகீ ஹை' என்று அப்படியே சொல்கிறார்கள். சாப்பிட்டு, பார்த்து என்ற நம் வினையெச்சத்துக்கு காகர், தேக்கர். 'கொடுத்துவிட்டான்' என்று துணைவினை சேர்ப்பதுபோல் 'தே தியா'. 'மெல்ல மெல்ல' என்பதற்கு 'தீரே தீரே'. காப்பி கீப்பி என்று நாம் எதிரொலிச் சொல் சொல்கிறோம் அல்லவா? அவர்கள் சாய் வாய், ரோட்டி வோட்டி என்பார்கள். நமக்குக் 'கி', அவர்களுக்கு 'வ'. இதை வகுப்பில் விளையாட்டாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் யாரும் புண்படுவதில்லை.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. இந்தியில் நூறு வரை எண்ணுப்பெயர்களை ஏறக்குறைய ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். 39 என்பது 'உன்தாலீஸ்'. நாற்பதுக்கு ஒன்று குறைவு என்ற கருத்தில் அமைந்த சொல். நம் 'முப்பத்தொன்பது' பத்தும் ஒன்றுமாகத் தெளிவாகப் பிரிகிறது. தமிழில் எண் சொல்வது அவர்களுக்கு எளிது. முதல் வெற்றியை அங்கே கொடுங்கள்.

'இந்திக்காரப் பிள்ளை' என்று ஒருவர் இல்லை

இவ்வளவும் கற்றுக்கொண்டு நான் மிடுக்காக இருந்த அடுத்த ஆண்டு, பீகாரிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். என் இந்திப் பாடமெல்லாம் அவர்களிடம் பாதிதான் பலித்தது. அவர்களில் ஒருவன் தனியாக நின்றுகொண்டு, "நாங்கள் சாப்பிட்டோம் டீச்சர்" என்பான். யாரோடு என்று கேட்டால் விழிப்பான். விசாரித்தபோது தெரிந்தது, வீட்டில் அவர்கள் பேசுவது போஜ்புரி. அதில் 'ஹம்' என்றால் 'நான்'. இந்தியில் அதே 'ஹம்' என்றால் நாம், நாங்கள் இரண்டும். நான் இப்போது சொன்ன 'நே' உருபு போஜ்புரியில் இல்லை, மைதிலியில் இல்லை, மகஹியிலும் இல்லை. மேசைக்கும் நாற்காலிக்கும் பால் பார்க்கும் கண்டிப்பும் அங்கே தளர்வு. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி இந்தியே இரண்டாம் மொழி. ஊரில் இந்தி ஆசிரியர் சுழித்த சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து நம் சிவப்பு மையைப் பார்க்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 52 கோடிப் பேர் என்று காட்டப்பட்டது. அந்த எண்ணுக்குள் போஜ்புரி பேசும் சுமார் 5 கோடிப் பேரும், மகஹி, சத்தீஸ்கரி, ராஜஸ்தானி பேசுவோரும் அடக்கம். மைதிலிக்கு மட்டும் 2003-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் தனி இடம் கிடைத்தது. 'இந்தி' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று இதிலிருந்து தெரிகிறது.

இலக்கியம் சொல்லும் சாட்சி

இதையே இந்தி இலக்கிய வரலாறும் சொல்கிறது. இந்தி இலக்கியத்தின் பெருங்காப்பியமாகப் போற்றப்படும் துளசிதாசரின் 'ராமசரிதமானஸ்' அவதியில் எழுதப்பட்டது. அதற்கு முன் 1540-இல் மாலிக் முகம்மது ஜாயசி எழுதத் தொடங்கிய 'பத்மாவத்' காவியமும் அவதியே. சூர்தாசர் கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் பாடியது பிரஜ் மொழியில். வித்யாபதி பாடியது மைதிலியில். காசியில் நெசவாளராக வாழ்ந்த கபீரின் மொழி பலவற்றின் கலவை. இன்று பாடநூல்களில் உள்ள இந்திக்கு அடிப்படை தில்லி, மீரட் வட்டாரத்துக் கடீ போலி. அதே இலக்கண அடித்தளத்தில் நிற்பதுதான் உருதுவும். எழுத்தும் உயர்சொற்களும் வேறு.

கபீரும் ரஹீமும் எழுதிய தோஹா என்ற ஈரடிப் பாடல்களை அங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகள் குறள் படிப்பதுபோல் மனப்பாடம் செய்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் 13, 11 என்று 24 மாத்திரை. இரண்டே அடி, ஒரு நீதி. குறள் நடத்தும்போது, "உன் ஊரில் இரண்டு அடியில் பாட்டு உண்டா? சொல்" என்று கேளுங்கள். அன்றுவரை பேசாத பிள்ளை எழுந்து நின்று ராகத்தோடு சொல்லும்.

கடீ போலி இலக்கிய மொழியாக நிலைபெற்றது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில்தான். பாரதேந்து ஹரிச்சந்திரர் (1850–1885) நாடகத்தாலும் இதழ்களாலும் அடித்தளம் இட்டார். 1903 முதல் 'சரஸ்வதி' இதழின் ஆசிரியராக இருந்த மகாவீர் பிரசாத் த்விவேதி, வந்த கட்டுரைகளையெல்லாம் திருத்தித் திருத்தி உரைநடையைச் சீராக்கினார். காமதா பிரசாத் குரு எழுதிய விரிவான இந்தி இலக்கண நூல் 1920-இல் வெளிவந்தது. அதாவது, நாம் கல் வெட்டு என்று நினைக்கும் அந்த இலக்கணமும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி, திருத்தி, ஒப்புக்கொண்ட ஒன்றுதான்.

பிரேம்சந்த் (1880–1936) நம் இனத்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தார், பள்ளித் துணை ஆய்வாளராகவும் ஊர் ஊராகச் சுற்றினார். முதலில் உருதுவில் எழுதி, பிறகு இந்திக்கு வந்தார். 1921-இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அரசு வேலையை விட்டார். அவருடைய 'ஈத்கா' கதையில் ஹமீது என்ற ஏழைச் சிறுவன் பெருநாள் சந்தையில் தன்னிடம் இருந்த மூன்று பைசாவுக்குப் பொம்மையும் மிட்டாயும் வாங்காமல், அடுப்பில் கை சுட்டுக்கொள்ளும் பாட்டிக்கு ஓர் இடுக்கி வாங்கி வருகிறான். இந்தக் கதையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு அது தன் பாடநூல் கதை. நம் பிள்ளைக்குப் புதுக் கதை. இருவரும் ஒரே இடத்தில் கண் கலங்குவார்கள்.

பீகாரின் பூர்ணியா வட்டாரத்து மண்ணையும் பேச்சையும் பணீஸ்வர்நாத் ரேணு 1954-இல் 'மைலா ஆஞ்சல்' நாவலில் கொண்டுவந்தார். நாகார்ஜுன் இந்தியில் அந்தப் பெயரிலும், தாய்மொழியான மைதிலியில் 'யாத்ரீ' என்ற பெயரிலும் எழுதினார்.

கடைசியாக ஒருவர். கவிஞர் மகாதேவி வர்மா அலகாபாத்தில் பெண்கள் கல்வி நிறுவனத்தின் முதல்வராக இருந்தவர். கங்கைக்கு அக்கரையில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மரத்தடியில் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். அதில் கீசா என்று ஒரு பையன். தந்தை இல்லாதவன், மற்றவர்கள் ஒதுக்கி வைத்தவன். அவர் ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் தன் சட்டையைக் கொடுத்து ஒரு தர்பூசணி வாங்கி வந்து குருதட்சிணையாக வைக்கிறான். அதைப் படித்த இரவு எனக்கு என் பதிவேட்டில் எழுதிய வரி நினைவுக்கு வந்தது.

நாம் செய்யக்கூடியவை

நேரம் ஆகிவிட்டது. நடைமுறைக்கு நான்கு செய்திகள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, சேர்க்கையின்போது 'இந்தி' என்று எழுதிவிட்டு நிற்காமல், "வீட்டில் அம்மா என்ன மொழியில் பேசுவார்?" என்று கேளுங்கள்.

இரண்டு, பிழைகளை எண்ணாதீர்கள், வகைப்படுத்துங்கள். இருபது பிழை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

மூன்று, அவன், அவள், அது மூன்றையும் படங்களை வைத்து அட்டையாகச் செய்து, முதலில் திணையைப் பிரிக்கச் சொல்லுங்கள். திணை புரிந்தால் 'பஸ் வந்தது' தானே வரும். நாம், நாங்கள் வேறுபாட்டை நடித்தே காட்டலாம். கேட்பவரையும் சேர்த்துக் கையை வீசினால் 'நாம்'. அவரை விட்டுவிட்டால் 'நாங்கள்'.

நான்கு, அந்தப் பிள்ளையிடம் நாமும் ஐந்து சொல் கற்றுக்கொள்வோம். நாம் பிழை செய்வதை அது பார்க்கட்டும்.

என் மாணவி அந்த ஆண்டு படிப்பை நிறுத்தவில்லை. எட்டாம் வகுப்பு முடித்துப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். எழுத்தில் இப்போதும் றகர ரகரம் தடுமாறும், திணை தடுமாறுவதில்லை. பதிவேட்டில் நான் எழுதிய வரி மட்டும் அப்படியே இருக்கிறது. அலுவலகப் பதிவேட்டை அழிக்க முடியாது. உங்கள் பதிவேட்டில் 'மெல்லக் கற்பவர்' என்று எழுதுவதற்கு முன், அந்தப் பிள்ளை சொன்ன வாக்கியம் வேறு எந்த மொழியில் சரி என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.